பேச முடிகிற வேகம்

டுமீல்!

மருந்துக்கடைக்காரி துள்ளி விழுந்தாள். கையிலிருந்த ஊக்கு விரலில் ஏறிவிட்டது.

"ஐயையோ, இன்னும் ரெண்டு ஊக்கு பாக்கி இருக்கு..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அவளைச் சுற்றி நின்ற அறுபது பேரும் கிளம்பிவிட்டார்கள். மூடிப்போன கல்குவாரியின் வாசலில் துப்பாக்கிப் புகையும் புழுதியும்தான் மிச்சம்.

"ஓடிக்கிட்டே குத்திக்கலாம், வாடி!" என்று டிரைவிங் ஸ்கூல் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஓடிக்கொண்டே குத்த முடியவில்லை. நூற்றிப் பதினெட்டு என்று அச்சடித்த அட்டை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஊக்குகளில் தொங்கிக்கொண்டு, கீழ்ப்பக்கம் படபடவென்று அடித்தபடி அவளோடு இருட்டுக்குள் போனது.

ஐம்பது கிலோமீட்டர். இரவு ஒன்பது மணிக்குக் கல்குவாரியில் ஆரம்பித்து, மரக்காட்டுச் சாலை, ஏரிக்கரை, பழைய காகித ஆலை என்று சுற்றிக்கொண்டு ஊர் மைதானத்தில் முடியும். விடியற்காலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு இதுதான் முதல் முறை. பதினான்கு வருஷம் ஒரே கவுன்டருக்குப் பின்னால் நின்ற கால்களை ஒரு தடவையாவது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஆசை. அதிலும் இந்த ஓட்டம் முடிகிற மைதானத்துக்கு அடுத்த இரண்டாவது தெருவில் அவள் வீடு. முடித்த கையோடு போய்ப் படுத்துவிடலாம்.

"நடக்கணும்னா எங்க ரொட்டி ஃபேக்டரிக்கு வா. மாவு மூட்டையைத் தூக்கிட்டு நடக்கலாம்" என்று நாத்தனார் வாய்விட்டுச் சிரித்திருந்தாள். சிரித்தாலும், ராத்திரி வந்து குழந்தைக்குத் துணையாகப் படுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். கணவனுக்கு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிற வேலை. இரவுப் பணி காலை எட்டு மணிக்குத்தான் முடியும். நாத்தனாரோ நாலரைக்கெல்லாம் ஃபேக்டரிக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் அம்மா வருகிற வரைக்கும் ஒன்பது வயசு மகள் தனியாக இருக்க வேண்டும். மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

"யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது" என்று அம்மா கிளம்பும்போது சொன்னாள்.

"நம்ம கேள்வியைக் கேட்பேன். பதில் சொன்னாத்தான் திறப்பேன்" என்றாள் மகள். "நீயே வந்தாலும் கேட்பேன்."

"கேளுடி, என் போலீஸு."

கோச் இரண்டே விஷயம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். "பேசிக்கிட்டே ஓடுங்க. மூச்சு வாங்காம பேச முடியுற வேகம்தான் உங்க வேகம். பேச்சு நின்னா வேகத்தைக் குறைங்க. ராத்திரி முழுக்க வாய் மூடக் கூடாது." இது முதலாவது. "பின்னாடி வர்றவங்களைத் திரும்பிப் பார்க்காதீங்க. உங்க நெத்தி விளக்கு அவங்க கண்ணுல அடிச்சா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணும் தெரியாது. குழியில விழுந்து வைப்பாங்க." இது இரண்டாவது.

முதல் விஷயத்துக்காகவே டிரைவிங் ஸ்கூல் அக்காவோடு ஜோடி சேர்ந்திருந்தாள். அக்காவுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"போன வருஷம் கடைசியா வந்த பொண்ணு கதை தெரியுமா உனக்கு?" என்று பத்தாவது கிலோமீட்டரில் ஆரம்பித்தாள். "மைதானத்துல உக்காந்து ஒரே அழுகையாம். வீட்டுக்குப் போனாளாம், உள்ளே விடலையாம். 'எங்க மருமக அப்பவே வந்து தூங்கிட்டு இருக்கா, நீ யாரு?'ன்னு மாமியார் விரட்டிட்டாங்களாம்."

"சும்மா இருங்கக்கா."

"நிஜமாடி. தூக்கம் கெட்டு மண்டை குழம்பிடுச்சுன்னாங்க. திரும்பவும் இந்தக் காட்டு ரோட்டுப் பக்கமே நடந்து போனாளாம். அப்புறம் யாரும் பார்க்கல." அக்கா சிரித்தாள். "அதுக்குத்தான் சொல்றேன், கடைசியா மட்டும் வராதே."

இருபதாவது கிலோமீட்டரில், தண்ணீர் மேஜையருகே, அதே அக்கா கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

"நான் வண்டியில போறேன். நீ போ. தனியாவே பேசிக்கிட்டுப் போ, காட்டுல யாரு கேட்கப் போறா?"

---

மரக்காட்டுச் சாலையில் காற்றே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நட்ட மரங்கள். நெற்றி விளக்கின் வெளிச்சம் நாலு அடிக்கு முன்னால் ஒரு வட்டமாக ஓடியது. அந்த வட்டத்துக்கு வெளியே உலகம் இருந்ததற்கு அடையாளம் இல்லை.

அவள் தனியாகப் பேசிக்கொண்டே ஓடினாள். கடையில் அடுக்கியிருக்கும் மருந்துகளின் பெயர்களை மேல் தட்டிலிருந்து வரிசையாகச் சொன்னாள். கீழ்த் தட்டுக்கு வந்தபோது, பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

காலடி. அவளுடைய காலடிக்கு அரை நொடி பின்னால்.

கூடவே ஈரக் கோணியை மூட்டைகட்டி வைத்தாற்போல் ஒரு நாற்றம்.

"யாரு?" என்றாள், திரும்பாமல்.

"கடைசி ஆள்." பெண் குரல். ரொம்ப நாள் பேசாத தொண்டை போல் கரகரத்தது.

"அட, நான்தான் கடைசின்னு நினைச்சேன்!"

"இல்ல. நான்தான்."

மருந்துக்கடைக்காரிக்கு உயிர் வந்தது. "லைட் இல்லையா உங்ககிட்ட?"

"அணைஞ்சு போச்சு. உங்க வெளிச்சத்துலயே வர்றேன்." சரக். சரக். "திரும்பிடாதீங்க. கண்ணு கூசும்."

"சேச்சே, தெரியும். கோச் சொல்லியிருக்கார்."

"பேசுங்க" என்றது குரல். "பேசிக்கிட்டே போனாத்தானே வேகம் சரியா இருக்கும்?"

அவள் பேசினாள். கவுன்டரில் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டதைச் சொன்னாள். எழுத்துப் புரியாத சீட்டைக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர்களைப் பற்றிச் சொன்னாள்.

"அப்புறம்?"

நாத்தனாரின் வாயைப் பற்றிச் சொன்னாள். கணவன், வீட்டில்கூட 'எந்த மாடி?' என்று தூக்கத்தில் உளறுவதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது மூக்கால் ஒரு சின்னச் சத்தம் வரும் அவளுக்கு.

"அப்புறம்?"

இப்படிக் கேட்கிறவர் கிடைப்பது எவ்வளவு அபூர்வம்! கடையில் எல்லோரும் அவளிடம் பேசுவார்கள். அவள் பேச்சைக் கேட்டவர் யாரும் இல்லை. கிலோமீட்டர்கள் கரைந்தன.

ஏரிக்கரையில் காற்று திடீரென்று எழுந்தது. மார்பில் தொங்கிய அட்டை ஒரே இழுப்பில் பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது.

"ஐயோ, என் நம்பர்!"

"நிக்காதீங்க. நான் எடுத்துட்டேன்."

"குடுங்க..."

"மேஜைகிட்ட தர்றேன். இப்ப நின்னா கால் பிடிச்சுக்கும். ஓடுங்க. பேசுங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. ஓடினாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குரலில் கரகரப்பு இல்லை. எப்போது போயிற்று?

"உங்களைப் பத்திச் சொல்லவே இல்லையே. வீடு எங்க?" என்று கேட்டாள்.

சரக். சரக்.

"இருந்துச்சு" என்றது குரல். "இப்ப அதுல வேற ஒருத்தி இருக்கா."

மருந்துக்கடைக்காரிக்கு மனசு இளகிவிட்டது. புருஷன் வேறு யாரையோ கொண்டுவந்து வைத்திருப்பான் போலிருக்கிறது, பாவம். ஒருத்தி துக்கத்தைச் சொல்லும்போது நம் சந்தோஷத்தைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்தக் குரல் விடவில்லை.

"உங்க வீட்டைச் சொல்லுங்க. கேட்கவாவது செய்யறேன்."

சொன்னாள். மைதானத்தின் வடக்கு வாசல். இரண்டாவது தெரு. ஊதா கேட். கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும்.

"அப்புறம்?"

நாத்தனார் நாலரைக்குக் கிளம்புவாள்.

"அப்புறம்?"

மகள். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளால் நிறுத்த முடியாது. வலி எடுத்த ராத்திரி, ஆஸ்பத்திரி லிஃப்ட், உள்ளே அவளும் கணவனும் ஒரு நர்ஸும், பட்டென்று போன மின்சாரம். "இந்த மனுஷன் இருட்டுல பட்டனை அமுக்கறாரு, அமுக்கறாரு, அமுக்கிக்கிட்டே இருக்காரு. இங்க குழந்தை வெளியே வந்து அழுவுது! கரண்ட் வந்தப்ப பார்த்தா, ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்குறோம்."

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூக்கால் ஒரு சின்னச் சத்தத்தோடு.

"அதான் எங்க வீட்டுக் கேள்வி" என்று அவள் பெருமையில் சொல்லிக்கொண்டே போனாள். "யாரு கதவைத் தட்டினாலும், 'நான் எந்த மாடில பொறந்தேன்?'னு கேட்பா. தெரிஞ்சவங்க எல்லாரும் 'லிஃப்டுல'ம்பாங்க. அதுக்கெல்லாம் திறக்க மாட்டா. 'ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல'ன்னு சொன்னாத்தான்..."

இந்த முறை 'அப்புறம்?' வரவில்லை.

"சரி" என்றது குரல். "போதும்."

இடது தோளை உரசிக்கொண்டு ஏதோ போனது. ஐஸ் பெட்டியைத் திறந்து மூடினாற்போல் ஒரு குளிர். நெற்றி விளக்கு இரண்டு தரம் துடித்து அணைந்தது. மறுபடி எரிந்தது.

"ஏங்க?"

சரக் சத்தம் கேட்கவில்லை.

"முந்திப் போயிட்டீங்களா?"

நாற்றமும் இல்லை.

கோச் சொன்னதை மீறி, அவள் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஏரிக்கரையின் ஈர மண்ணில், வெளிச்சம் எட்டும் வரைக்கும் தடங்கள். அவளுடைய காலணியின் தடங்கள். ஒரே ஒரு ஆளின் தடங்கள்.

குனிந்து பார்த்தாள்.

ஒவ்வொரு தடமும் இரண்டு தடவை மிதிக்கப்பட்டிருந்தது.

---

நாற்பத்து நாலாவது கிலோமீட்டர். காகித ஆலைச் சுவரை ஒட்டி ஒரு மேஜை, ஒரு பெட்ரோமாக்ஸ், கழுத்தில் துண்டோடு தூங்கி வழிகிற ஒரு மனிதர். அவர் முன்னால் பெயர்ப் பட்டியல்.

"நம்பர்?" என்றார், தலை தூக்காமல்.

"நூத்திப் பதினெட்டு."

பேனா பட்டியலில் இறங்கி நின்றது. அவர் இப்போது தலையைத் தூக்கினார். முகத்தில் எரிச்சல்.

"விளையாடுறீங்களா? நூத்திப் பதினெட்டு அப்பவே போயாச்சு. பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஆச்சு."

"அது நான் இல்ல. என் அட்டையை..."

"நான் பேசிட்டு இருந்தேம்மா. மருந்துக்கடையில வேலைன்னாங்க. நல்லாச் சிரிக்கச் சிரிக்கப் பேசினாங்க. பொண்ணு காத்துட்டு இருக்கான்னு தண்ணிகூடக் குடிக்கல." அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்க அட்டை எங்க? அட்டை இல்லாம ரோட்டுல வர்றவங்களை எல்லாம் நான் எழுத முடியாது."

"அவ... பார்க்க எப்படி இருந்தா?"

அவர் பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தார்.

"இதே சட்டைதான்" என்றார் மெதுவாக.

மணி நாலு இருபத்தைந்து. இன்னும் ஐந்து நிமிஷத்தில் நாத்தனார் கிளம்பிவிடுவாள்.

"ஃபோன் குடுங்க. ஒரே ஒரு நிமிஷம்!"

"ஆலைக்கு அந்தப் பக்கம் போனாத்தான் சிக்னல். இங்க ஒண்ணும் கிடைக்காது."

"வண்டி? நான் ஓட்டத்துல இருந்து விலகிக்கிறேன், என்னைக் கொண்டுபோய் விடுங்க!"

"வாந்தி எடுத்த ஆளை ஏத்திட்டு இப்பத்தான் போச்சு. வர அரை மணி நேரமாகும். உக்காருங்கம்மா. தூக்கம் இல்லேன்னா இப்படித்தான், இல்லாததெல்லாம் தெரியும். போன வருஷமும் ஒரு பொண்ணு..."

அவள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

இதுவரை ஓடியது ஓட்டமே இல்லை. நாற்பத்து நாலு கிலோமீட்டரும் ஆமை மாதிரி காப்பாற்றி வைத்திருந்த பலம் முழுவதையும் ஒரே மூச்சில் அள்ளி எறிந்தாள். முட்டி கத்தியது. கால் விரல் நகம் ஒன்று ஷூவுக்குள் கழன்று நழுவியது. விடு, போகட்டும். ஆலைச் சுவர் முடிந்தது. தெருவிளக்குகள் ஒன்று இரண்டாக ஆரம்பித்தன.

முன்னால் யாரோ ஓடுவது தெரிந்தது.

வலது காலை லேசாக இழுத்து வைக்கிற ஓட்டம். தோளைத் தூக்கிக்கொண்டு, கையை மார்போடு ஒட்டிக்கொண்டு. அவளுடைய பயிற்சி வீடியோவைக் கோச் காட்டித் திருத்திய அதே ஓட்டம்.

அது அவசரப்படவில்லை. தெருவிளக்குக்கு அடியில் தெரியும், இருட்டில் மறையும், அடுத்த விளக்கில் இன்னும் கொஞ்சம் தள்ளித் தெரியும். அவள் எவ்வளவு விரட்டினாலும் நடுவில் இரண்டு விளக்குக் கம்பங்கள் இருந்தன.

அது பேசிக்கொண்டே ஓடியது.

காலி ரோட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. துளி மூச்சு வாங்காமல், ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, அவளுடைய சொந்தக் குரலில்.

"வடக்கு வாசல். ரெண்டாவது தெரு. ஊதா கேட். கொஞ்சம் தூக்கித் தள்ளணும்."

நில்லுடி என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. விசில் அடித்தாற்போல் ஒரு காற்று. இந்த வேகத்தில் அவளால் பேச முடியவில்லை.

அதற்கோ பேச முடிந்தது.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல" என்றது அது, அடுத்த விளக்கைத் தாண்டி. "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல."

மைதானத்தில் முடிவுக்கோட்டின் கீழே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். தட்டியது முன்னால் போனவளுக்கு; அது அதற்குள் வடக்கு வாசலைத் தாண்டி மறைந்திருந்தது. நேரம் குறிக்கிறவர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். பின்னால் இரைக்க இரைக்க ஓடிவந்தவளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நூற்றிப் பதினெட்டு முடித்துவிட்டது. பட்டியல் சரியாக இருந்தது.

அவள் கோட்டைக் கவனிக்கவில்லை. வடக்கு வாசல். முதல் தெரு. இரண்டாவது தெரு.

ஊதா கேட் திறந்து கிடந்தது.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

படியில் ஒரு ஜோடி ஷூ. அவள் காலில் இருப்பதைப் போலவே, அதே நிறம், அதே முடிச்சு. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. முனைகள் இரண்டும் வீட்டைப் பார்த்தபடி இருந்தன. பக்கத்தில், கழற்றி நேர்த்தியாக மடித்து வைத்த ஒரு அட்டை. அதில் நான்கு மூலையிலும் நான்கு ஊக்குகள்.

கதவைத் தட்டினாள். கையால் அல்ல, முழு உடம்பால்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

குட்டிக் காலடிகள் ஓடிவந்தன. கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாளுக்கு நேராக, அவளுக்குத் தெரிந்த அந்த மூச்சு கேட்டது.

"கண்ணு..." குரல் எழும்பவில்லை. தொண்டை காய்ந்து, கரகரவென்று, ரொம்ப நாள் பேசாத ஒருத்தியின் குரல் மாதிரி இருந்தது. "கண்ணு, அம்மாதான்டி. திற. கதவைத் திறந்துட்டு வெளியே ஓடி வந்துடு. சீக்கிரம்."

தாழ்ப்பாளின் மேல் ஒரு சின்னக் கை பட்டு, விலகியது.

"நான் எந்த மாடில பொறந்தேன்?" என்றாள் மகள், பயந்துபோய்.

அவள் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூச்சை ஒன்று சேர்த்தாள். ஒவ்வொரு சொல்லாக, உடையாமல் சொன்னாள்.

"ரெண்டுக்கும்... மூணுக்கும்... நடுவுல."

தாழ்ப்பாள் அசையவில்லை. குழந்தையின் காலடி கதவைவிட்டு இரண்டு அடி பின்னால் போனது. உள்ளே எங்கோ குளியலறைக் கதவு திறந்தது. ஈரக் கோணியின் நாற்றம் கதவுக்கு அடியிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது.

மகள் வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டாள்.

"அம்மா... வெளியே நிக்குறவங்களும் சரியாத்தான் சொல்றாங்க!"